பருவக்காற்றும் நமது மலைகளும்

சிந்து நதி தொடங்கி யப்பான் தீவுகள் வரை பரந்துள்ள நாடுகளைப் புவியியலார் பருவக்காற்று ஆசியா என வழங்குவர். மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட இந்நாடுகளுக்கெல்லாம் பொதுவான அரசன் ஒருவன் உளன். அவனே மழை.

கோடையில் ஆசியப் பெருநிலம் வெப்பமுற, ஆங்குள்ள காற்று இலேசாகி மேலெழுகின்றது. அவ்விடத்தை நாடி இந்து சமுத்திரத்தின் ஈரக்காற்று விரைகின்றது. பூமத்திய இரேகையைக் கடந்ததும், பூமியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பித் தென்மேல் பருவக்காற்றாக வீசுகின்றது. மாரியில் நிலம் குளிர, காற்றும் திசை மாறி வடகீழ் பருவக்காற்றாகின்றது. முன்னதைக் கச்சான் என்றும் பின்னதை வாடை என்றும் நம் முன்னோர் பெயரிட்டு அறிந்திருந்தனர்.

இதனைக் கற்க வத்தேகமவில் வாழும் எமக்குப் படப்புத்தகம் வேண்டியதில்லை. கிழக்கே நிமிர்ந்து நிற்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரே போதும். மே முதல் செப்தெம்பர் வரை அதன் மேற்குச் சாரல் நனைகின்றது. அதே வேளையில் லக்கலைப் பக்கம் வறண்டு கிடக்கின்றது. திசெம்பரில் கிழக்குச் சாரலின் முறை வருகின்றது. ஒரே மலை, இரு காலநிலை. ஒரு புறம் தேயிலையும் ஏலமும். மறு புறம் மழைபார்த்து நிற்கும் நெல்வயலும் சேனையும்.

மழை தருவதைக் காற்று பறிப்பதும் உண்டு. 1869 ஆம் ஆண்டு இலங்கையில் கோப்பி இலைகளிற் செந்நோய் தோன்றியது. காற்று சுமந்த நுண்வித்துகள், இடைவெளியின்றி ஒரே பயிர் நின்ற தோட்டங்களில் எளிதிற் பரவின. சில பதிற்றாண்டுகளில் கோப்பி அழிந்தது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நாட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது, ஆயினும் வெட்டுண்ட காடு மீளவில்லை. மண்ணைப் பற்றி நின்ற பெருவேர்களும் மீளவில்லை.

அதன் விலை என்ன? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பெருமழையைக் கொட்டியபோது, கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெருமழையை எவராலும் தடுக்க இயலாது. ஆனால் காடிழந்த சரிவும், அதன் அடியிற் கட்டிய குடியிருப்பும் மனிதர் செய்தவை அல்லவா?

சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி நீரை மெல்ல வழிநடத்தும் கலையைத் தோட்டத் தொழிலாளர் தலைமுறைகளாக அறிவர். மலையைக் காத்த அக்கைகளுக்கு உரியோர் சரிவின் அடியில் லயங்களில் அஞ்சி உறங்குதல் முறையோ? அவர்களுக்குப் பாதுகாப்பான நிலம் அளிப்பது கருணையன்று, கடமை.

நேயர்களே, நிலத்தில் புதிய வெடிப்புத் தோன்றினால், மரங்கள் சாய்ந்தால், ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினால், தாமதியாது வீட்டை விட்டு அகலுங்கள். மண்சரிவு எச்சரிக்கை ஒலிபரப்பாகும்போது செவிகொடுங்கள். பொருளைப் பின்னர் தேடலாம். உயிரைத் தேட முடியாது. காற்றின் வருகையை மாற்ற நம்மால் இயலாது. அதனை வரவேற்கும் மலையைச் செப்பஞ்செய்ய இயலும்.