காலை பத்து மணிக்கு வீட்டில் இருக்கும் பிள்ளை

(மாலைநேர வகுப்பு நடத்தும் இளைஞர்களின் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஆசிரியர் இல்லை. தபால் நிலையத்தில் கவுன்டரில் உட்காருகிறவள். படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "எங்கம்மா நாட்டு வெக்கணும்?" என்று கேட்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். 'நாட்டு' என்றால் கைநாட்டு. என் அம்மாவும் அறுபது வயது வரை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஆகவே எழுத்து தெரியாத வீடு எப்படி இருக்கும் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை.

என் மகளை நான்கு மாதம் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்துப் படிக்க வைத்தேன். இன்று அதைத்தான் சொல்லப் போகிறேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு, வெட்கமும் உண்டு.

அவள் அப்போது ஒன்றாம் வகுப்பு. ஏதோ விவரத்தைக் கணினியில் ஏற்ற வேண்டுமாம். வகுப்பில் ஆசிரியர், "எஸ்.சி. பிள்ளைங்கல்லாம் எழுந்து நில்லுங்க" என்றிருக்கிறார். என் மகள் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. பட்டியலைப் பார்த்து ஆசிரியர் பெயர் சொல்லி எழுப்பியிருக்கிறார். மொத்தம் ஏழு பிள்ளைகள். சாயங்காலம் வந்து, "எஸ்.சி.ன்னா இன்னாம்மா? நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்றாள். எழுந்து நிற்கச் சொன்னால் அது தண்டனை என்றுதான் ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரியும்.

மறுநாள் நான் அவளை அனுப்பவில்லை. அதற்கு மறுநாளும் அனுப்பவில்லை. வீட்டிலேயே கற்றுக்கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். என் இணையர் எலக்ட்ரீஷியன், பகலில் வேலைக்குப் போய்விடுவார். பகலில் அவள் அம்மாவுடன் இருப்பாள். காலை ஆறு முதல் ஏழரை வரை, மாலை ஆறரை முதல் எட்டு வரை நான்தான் பள்ளிக்கூடம்.

முதல் வாரம் முழுக்கத் தோல்வி. கடையில் அட்டை வாங்கிவந்து சுவரில் மாட்டினேன். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. பன்னிரண்டையும் பாட்டாகச் சொல்லிவிடுவாள். நடுவில் ஒன்றைத் தொட்டுக் காட்டினால் முழிப்பாள். நமக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். 247 என்ற எண்ணே ஒரு மிரட்டல். உண்மையில் அந்தக் குழந்தை பழக வேண்டியது பன்னிரண்டு உயிரெழுத்துகளும் பதினெட்டு எழுத்து உடல்களும் சில துணைக்குறிகளும்தான். கால், கொம்பு, கொக்கி என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அது எல்லா எழுத்துக்கும் பொருந்தும். உகர, ஊகார வரிசைகளில் மட்டும் கு, சு, மு, து என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தில் வரும். அங்கே மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அட்டையைக் கழற்றினேன். ட, ப, ம மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கை சுலபமாக எழுதும் எழுத்துகள். 'படம்' வந்துவிட்டது, 'மடம்' வந்துவிட்டது, 'பட்டம்' வந்துவிட்டது. மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் வைத்து ஒரு குழந்தை முழுச் சொற்களை வாசிக்கிறது. அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். பிறகு க, த, ல, வ. 'கடல்' என்பதில் ஒரு மாதிரியும் 'தங்கம்' என்பதில் வேறு மாதிரியும் க ஒலிக்கிறதே, குழம்புவாளோ என்று நான்தான் பயந்தேன். அவளுக்குத் தெரிந்த சொல்லாக இருந்தால் ஒலி தானாக வந்தது. தெரியாத சொல்லில்தான் தடுக்கியது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் அடுத்த சிக்கல் அங்கேதான். பாட்டி சொன்ன நரிக்கதையை நான் நோட்டில் எழுதினேன். நரி ஒரு கோழியை 'இழுத்துக்கொண்டு' போனது என்று எழுதினேன். அவள் விரல் வைத்து அழகாக வாசித்தாள்: "நரி கோழிய இஸ்துகினு போச்சி." நான், "தப்பு, எழுத்தைப் பார்" என்றேன். அவள் எழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நோட்டை மூடிவிட்டாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் வாசித்தது தப்பே இல்லை. பொருளைப் பிடித்து, தன் நாக்குக்குக் கொண்டுவந்துவிட்டாள். அதற்கு மேல் வாசிப்பு என்றால் என்ன? வகுப்பில் நான் 'வூடு' என்று சொன்னதற்கு நாற்பது பேர் சிரித்தது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. அதே வேலையை நான் என் வீட்டில் செய்துவிட்டேன். பள்ளியை விட்டு வந்த பிறகும் பள்ளி என் வாய்க்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. மறுநாள் முதல் அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன். பக்கத்தில் புத்தகத் தமிழில் இன்னொரு தடவை எழுதினேன். "இது நம்ம பேசுறது, இது புக்குல இருக்கிறது, ரெண்டும் உன்னோடது" என்றேன். இரண்டு வாரத்தில் புத்தகத் தமிழுக்கு அவளே தாவிவிட்டாள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திய சில்வியா ஆஷ்டன்-வார்னர் 1963இல் வெளிவந்த 'டீச்சர்' என்ற நூலில் இதைத்தான் எழுதியிருக்கிறார். அந்தக் குழந்தைகளிடம் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் வீட்டைப் பற்றிய பாடப்புத்தகம் ஒட்டவில்லை. ஒவ்வொரு குழந்தையிடமும் "இன்று உனக்கு என்ன சொல் வேண்டும்?" என்று கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார். பயம், பாசம் சம்பந்தப்பட்ட சொற்களைக் குழந்தைகள் ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டார்கள். பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே பெரியவர்களிடம் 'செங்கல்' போன்ற உழைப்புச் சொற்களில் தொடங்கியதும் இந்த வழிதான்.

நானும் கேட்டேன். "உனக்கு இன்னா வார்த்தை வேணும்?"

"சுவரொட்டி."

போஸ்டர் இல்லை, தோழர்களே. கறிக்கடை சுவரொட்டி, மண்ணீரல். ஞாயிற்றுக்கிழமை தாத்தா வாங்கிவந்து சுட்டுத் தருவார். ஐந்தெழுத்து. உகரக் குறி, ஒகரக் குறி, இகரக் குறி, ஒற்று எல்லாம் ஒரே சொல்லில். எந்தப் பாடத்திட்டமும் முதல் மாதத்தில் அனுமதிக்காத சொல். அவள் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு குடல், ஈரல், தாத்தா, தவில், பேய் என்று போனது. அட்டையில் இலை இருக்கிறது, ஈட்டி இருக்கிறது, உரல் இருக்கிறது. எங்கள் தெருவில் ஈட்டியைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஈரலைப் பார்க்காதவர்களும் யாரும் இல்லை.

மூன்றாவது மாதம் அவள் பேருந்துப் பலகையை வாசித்தாள். எனக்கு ஜெயித்துவிட்ட எண்ணம். நகரத்தில் இருக்கும் ஒரு தோழர், தன் மகனைப் பள்ளிக்கே அனுப்பாமல் வளர்க்கிறவர், என்னைப் பாராட்டினார். நல்ல மனிதர்தான். அவர் வீட்டில் சுவர் முழுக்கப் புத்தகம். அவருடைய தாத்தா வக்கீல். பையன் காலை பத்து மணிக்கு வீட்டில் இருந்தால் அதற்குப் பெயர் 'ஹோம் ஸ்கூலிங்', மாற்றுக் கல்வி. எங்கள் தெருவில் ஒரு பெண் குழந்தை காலை பத்து மணிக்கு வீட்டில் இருந்தால் அதற்குப் பெயர் 'இடைநிற்றல்'. இதை நான் அவரைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. பள்ளிக்குப் போகவே முடியாத உடல்நிலை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் விஷயம் வேறு. ஆனால் 'வீடு' என்ற சொல் எல்லோருக்கும் ஒன்றையே குறிப்பதில்லை.

எங்கள் வீட்டில் இதை முதலில் சொன்னவர் என் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன். 1953இல் ராஜாஜி ஆட்சியில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய திட்டம் வந்தபோது அவர் மூன்றாம் வகுப்பு. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் பள்ளி. மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். பெரியார் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்துக் கிளம்பினார். 1954இல் ராஜாஜி விலகினார், காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மாமா சொன்னது வேறு. "மத்தியானத்துக்கு மேல வூட்ல தொழில் கத்துக்கோன்னாங்க. எங்க வூட்டு தொழிலு ஆண்டை மாட்ட மேய்க்கிறது. அதுக்கு அப்புறம் நான் திரும்பி உள்ள போவல." திட்டம் ஒரே வருடத்தில் போய்விட்டது. அவருக்கு அந்த ஒரு வருடமே போதுமானதாக இருந்தது. "மறுபடியும் புள்ளைய வூட்ல வெச்சிக்கிறியா?" என்றார் என்னிடம்.

நம் காலத்திலேயே ஒன்று நடந்ததே. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் வகுப்பறையில் முதன்முதலாக உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பில் பாதி வருடம் போயிருந்தது. நாடு முழுக்க எல்லோருக்கும் வீட்டுக்கல்வி. யார் வீட்டில் என்ன கல்வி நடந்தது? எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பிறகு அரசே 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களைத் தெருவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. உங்களில் இரண்டு பேர் அதில் இருந்தவர்கள் என்று காலையில் சொன்னீர்கள்.

மாமா கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அம்பேத்கரைத் திரும்ப எடுத்துப் படித்தேன். அவர் பள்ளியில் கோணிப்பையில் தனியாக உட்கார்ந்தவர், பியூன் ஊற்றாவிட்டால் தண்ணீர் குடிக்க முடியாதவர். அவருடைய அப்பா ராம்ஜி படைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். பம்பாயில் ஒற்றை அறைக் குடியிருப்பில், விடிவதற்கு வெகு முன்பே மகனை எழுப்பிப் படிக்க வைத்தார். இந்த நாட்டில் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கக் காரணமும் தகுதியும் உள்ள தகப்பன் ஒருவர் உண்டென்றால் அவர்தான். அவர் மகனை நிறுத்தவில்லை. ஜோதிராவ் புலேவும் அப்படித்தான். சாவித்திரிபாய்க்கு எழுத்து வந்தது வீட்டில், புலே கற்றுக்கொடுத்து. இருவரும் அதோடு நிற்காமல் 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அன்று எழுந்து நின்றவர்கள் ஏழு பேர் என்று. நான் ஒருத்தியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மற்ற ஆறு பேர்? என்னைப் போல அரசு வேலையில் இருக்கும் அம்மா அந்த ஆறு பேருக்கும் கிடையாது. நான்கு மாதத்தில் ஒரு தடவைகூட அந்த வீடுகளுக்கு நான் போகவில்லை. வெட்கம் என்று முதலில் சொன்னேன் அல்லவா, அது இதுதான்.

போனேன். ஆறு வீட்டுக்கும் போனேன். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் பதினேழாவது பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அதைச் சொல்லி ஒரு மனு எழுதினோம். ஐந்து வீட்டில் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு வீட்டில் மறுத்துவிட்டார்கள், அவர்கள் கூலிக்குப் போகிற நிலம் பள்ளிக்கு வேண்டப்பட்ட ஒருவருடையது. எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. என் அம்மாவும் கையெழுத்துப் போட்டார். பேத்தி அட்டையில் எழுதிக் கொடுத்த தன் பெயரைப் பார்த்துப் பார்த்துப் போட்டார்.

அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். அந்தக் கூட்டத்தில் மனுவை வாசித்தேன். தலைமையாசிரியை, இனி இந்த விவரங்களை அலுவலகக் கோப்பிலிருந்தே எடுத்துக்கொள்வதாகவும் வகுப்பில் யாரும் கேட்கக் கூடாது என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். என் மகளின் பெயரை அவர் நீக்காமல் வைத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆசிரியர் மன்னிப்புக் கேட்கவில்லை. என்னோடு இன்றுவரை பேசுவதும் இல்லை. மகள் மறுபடி போகிறாள். முதல் நாள் வந்து, ஒளிஞ்சி புடிச்சி விளையாடியதைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் சொன்னாள். நான்கு மாதமாக அவளுக்கு விளையாட ஆள் இல்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வீட்டு வகுப்பை நிறுத்தவில்லை. மாலை ஆறரைக்கு இப்போது எங்கள் திண்ணையில் பதினோரு பேர். கையெழுத்துப் போடாத வீட்டுப் பையனும் வருகிறான். அவன் கேட்ட முதல் சொல் 'டிராக்டர்'. டி, ரா, க், ட, ர் என்று பிரித்து, டகர வரிசை முழுவதையும் அதில் தொடங்கினோம். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சொல் டப்பா இருக்கிறது. சனிக்கிழமை டப்பாக்களை மாற்றிக்கொண்டு அடுத்தவர் சொல்லை வாசிப்பார்கள். மறந்துபோன சொல்லை நான் திட்டாமல் எடுத்துவிடுவேன், அது அவர்களுக்கு வேண்டாத சொல் என்று அர்த்தம்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் அச்சடித்த அட்டை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். பழைய மாதக் காலண்டர் தாள் போதும், பின்பக்கம் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். எங்களுக்கே இப்போது தாள் தட்டுப்பாடு, அடுத்த சந்திப்புக்கு வருகிறவர்கள் வீட்டில் இருப்பதை எடுத்து வாருங்கள். முன்பக்கத்தில் ராகு காலம் போட்டிருந்தாலும் பரவாயில்லை.