பாலை நடுவே ஒரு பழநகர்



ஈரான் நாட்டின் நடுவே, பாலை சூழ அமைந்த யஸ்து என்னும் பழநகரைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். ஆண்டு முழுதும் அங்குப் பெய்யும் மழை சராசரியாக மூன்று அங்குலத்துக்கும் குறைவே. அத்தகைய இடத்தில் மக்கள் நூற்றாண்டு பலவாக வாழ்ந்து வருவது எங்ஙனம்?

விடை மண்ணுக்கடியில் இருக்கிறது. மலையடிவாரத்தில் ஊற்றுக் கண்டு கிணறு தோண்டுவர். அங்கிருந்து ஊர் வரையில் சிறிதே சாய்வாக நிலத்தடிக் கால்வாய் குடைவர். மண்ணை வெளியேற்றவும் காற்று உட்செல்லவும் இடையிடையே குழிகள் அமைப்பர். இதற்குக் ‘கனாத்’ என்று பெயர். வெயில் படாமையால் நீர் வீணாவது குறைவு. இறைக்க மாடும் வேண்டா, பொறியும் வேண்டா. அடியில் துளையிட்ட கிண்ணம் நீரில் மூழ்கும் நேரத்தை அளவாகக் கொண்டு உழவர் நீரைப் பங்கிட்டனர். நம் முன்னோரின் நாழிகை வட்டிலை இது நினைவூட்டும்.

வீடுகள் மண்ணால் ஆனவை. கூரைமேல் எழும் காற்றுக் கோபுரங்கள் மேற்காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கும். தௌலதாபாத் தோட்டத்துக் கோபுரம் ஏறத்தாழ 33 மீட்டர் உயரமுடையது. 2017இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

யஸ்து, ஜரதுஷ்டிர சமயத்தார் தம் நெறியை விடாது காத்த ஊருமாகும். அவர்கள்மீது ஜிஸியா என்னும் தலைவரி சுமத்தப்பட்டிருந்தது. நெடுங்காலத்துக்கு முன்னரே இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, குஜராத்தியையே தாய்மொழியாகக் கொண்டுவிட்ட பார்சியர் இத்துயரைக் கேட்டு வாளாவிருக்கவில்லை. 1854இல் மானெக்ஜி லிம்ஜி ஹதாரியா என்பாரைப் பம்பாயிலிருந்து அனுப்பினர். அவர் பள்ளிகள் நிறுவினார். அரசவையில் இடையறாது வாதாடினார். 1882இல் அவ்வரி நீங்கியது. 1934இல் யஸ்துவில் எழுந்த தீக்கோயிலுக்கும் இந்தியப் பார்சியரின் உதவி இருந்தது.

அன்பர்களே, கனாத்தை அவ்வப்போது தூர்வாராவிடின் மண் அடைத்துவிடும், நீர் நின்றுவிடும். பிறந்த மண்ணோடு உள்ள உறவும் அத்தகையதே. மொழி மாறிய பின்னரும் பார்சியர் கடமை மறந்திலர். மொழியும் கைவிடாது வாழும் நாம், ஆண்டுக்கொரு விழா எடுத்ததோடு நம் கடன் தீர்ந்தது என்று அமைந்துவிடலாமா? ஊரில் ஒரு பள்ளிக்கோ, ஒரு நூலகத்துக்கோ, தூர்ந்துபோன ஒரு குளத்துக்கோ இச்சங்கம் கைகொடுக்குமாயின், அதுவே இவ்விழாவின் பயனாகும்.