ஷெரிப்புக்கும் ஓட்டு, நீதிபதிக்கும் ஓட்டு



அமெரிக்கத் தேர்தல் என்றதும் நம் நினைவுக்கு வருவது வெள்ளை மாளிகைக்கான போட்டிதான். இரண்டு கட்சிகள், இரண்டு வேட்பாளர்கள், விடிய விடிய வாக்கு எண்ணிக்கை. ஆனால் அந்த நாளில் அங்கே ஒரு சாதாரண வாக்காளர் கையில் வாங்கும் வாக்குச்சீட்டைப் பார்த்தால் நமக்கு மலைப்பாக இருக்கும். அதிபர் தேர்தல் அதில் முதல் சில வரிகளோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே செனட்டர், பிரதிநிதிகள் சபை உறுப்பினர், ஆளுநர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் என்று பட்டியல் இறங்கிக்கொண்டே போகும். அப்புறம் கவுண்டி. நம் மாவட்டம் மாதிரியான அமைப்பு அது. அதன் காவல்துறைத் தலைவரான ஷெரிப்பை மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். யார்மீது வழக்குப் போடலாம் என்று முடிவுசெய்யும் அரசு வழக்கறிஞருக்கும் தேர்தல் உண்டு. சந்தேகத்துக்குரிய சாவுகளை விசாரிக்கிறவர், வரி வசூலிக்கிறவர், பள்ளி வாரிய உறுப்பினர்கள், முக்கால்வாசி மாநிலங்களில் ஏதாவது ஒரு மட்டத்து நீதிபதிகள் என எல்லாரும் அந்தச் சீட்டில் இருப்பார்கள். பள்ளிக்கூடம் கட்டக் கடன் வாங்கலாமா, வேண்டாமா என்ற கேள்வியும் கடைசியில் அச்சாகியிருக்கலாம். நாடு முழுக்க இப்படித் தேர்தலால் நிரப்பப்படும் பதவிகள் ஏறத்தாழ 5 லட்சம்.

காவல்துறை அதிகாரி வீடு வீடாக வந்து ஓட்டுக் கேட்பதை எண்ணிப் பாருங்கள். நீதிபதி தேர்தல் நிதி திரட்டுவதை எண்ணிப் பாருங்கள். நாளைக்குத் தன் முன்னால் நின்று வாதாடப்போகிற வக்கீல்களிடமே இன்றைக்கு அவர் நன்கொடை பெறுகிறார். இது சரியான ஏற்பாடு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனால் ஒரு நாட்டு மக்கள் ஏன் இப்படி ஒரு முறையை இருநூறு ஆண்டுகளாகக் கட்டிக் காக்கிறார்கள் என்று பார்த்தால், அந்த மக்களையே புரிந்துகொள்ளலாம்.

பிரிட்டனிலோ பிரான்சிலோ ஜப்பானிலோ மக்களுக்கு ஒரு துன்பம் வந்தால், “அரசாங்கம் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறது?” என்று கேட்பார்கள். நாமும் அப்படித்தான் கேட்போம். அமெரிக்கர்களில் பெரும்பகுதியினர் முதலில் கேட்கும் கேள்வி வேறு. “இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?” என்பார்கள். மற்ற மக்களாட்சி நாட்டு மக்களிடமிருந்து அவர்களைப் பிரித்துக் காட்டும் பண்பு இதுதான் என்பது என் எண்ணம். தாங்களே ஓட்டுப்போட்டு அமைத்த அரசாங்கத்தின் மேலேயே அவர்களுக்குத் தீராத ஐயம். அதிகாரத்தை ஒரே கையில் கொடுத்தால் கெட்டுப்போகும். ஆகவே துண்டு துண்டாக்கு. ஒவ்வொரு துண்டையும் ஓட்டுப்போட்டுக் கொடு, பிடிக்காவிட்டால் ஓட்டுப்போட்டே பிடுங்கு. இந்த எண்ணத்தின் அச்சுப்பிரதிதான் அந்த நீளமான வாக்குச்சீட்டு.

இந்த ஐயம் பிறந்த இடம் தெரிந்ததுதான். பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜை எதிர்த்துப் போரிட்டு விடுதலை பெற்றவர்கள் 1787-இல் பிலடெல்பியா நகரில் கூடி அரசமைப்புச் சட்டம் எழுதினார்கள். இன்னொரு மன்னர் உருவாகிவிடக் கூடாது என்ற அச்சம் அதன் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். 1791-இல் சேர்த்த முதல் பத்துத் திருத்தங்களைப் படித்தால், அரசாங்கம் எதையெல்லாம் செய்யக் கூடாது என்ற பட்டியலாகவே அவை இருக்கும். நம் அரசமைப்புச் சட்டமோ, மக்களுக்குக் கல்வி கொடு, வேலை கொடு, உடல்நலத்தைப் பார்த்துக்கொள் என்று அரசுக்கு வழிகாட்டும் கோட்பாடுகளையும் சேர்த்தே எழுதப்பட்டது. நாம் இதுவரை நூறு முறைக்கு மேல் அதைத் திருத்தியிருக்கிறோம். அவர்கள் திருத்தியது மொத்தமே 27 முறை.

இந்த ஐயம் அமெரிக்கர்களைத் தனித்தனி ஆள்களாக உதிர்த்துப் போட்டுவிடவில்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். அரசை நம்பாதவர்கள் அக்கம்பக்கத்தாரை நம்பினார்கள். அங்கே தீயணைப்பு வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தொண்டர்கள். சிற்றூர்களில் தீப்பிடித்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருகிற கடைக்காரரும் விவசாயியும் பள்ளி ஆசிரியரும்தான் அவர்கள். 1831-இல் அந்நாட்டைச் சுற்றிப் பார்த்த டோக்வில் என்ற பிரெஞ்சுக்காரர் வியந்து எழுதியதும் இந்தச் சங்கம் சேரும் குணத்தைத்தான்.

வடகிழக்கில் வெர்மான்ட் என்று ஒரு சிறிய மாநிலம். அங்கே மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமையையொட்டி ஊர்க்கூட்டம் நடக்கும். பள்ளி அரங்கிலோ ஊர்ப் பொது மண்டபத்திலோ வாக்காளர்கள் நேரில் கூடுவார்கள். சாலையில் விழும் பனியை அள்ளும் வண்டி வாங்கலாமா, நூலகத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று பேசி, அங்கேயே முடிவெடுப்பார்கள். அப்படி ஒரு கூட்டத்தை ஆர்லிங்டன் என்ற ஊரில் ஓவியர் நார்மன் ராக்வெல் பார்த்தார். ஊர்ப் பள்ளிக்கூடம் எரிந்துபோயிருந்தது. புதிதாகக் கட்ட வேண்டும் என்று ஊரே ஒரு பக்கம் நின்றது. ஒரே ஒருவர் எழுந்து, வேண்டாம் என்றார். அவர் பேசி முடிக்கும்வரை எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதிபர் ரூஸ்வெல்ட் அறிவித்த நான்கு சுதந்திரங்களைப் படமாக்க வழி தேடிக்கொண்டிருந்த ராக்வெல்லுக்கு அந்தக் காட்சி போதுமானதாக இருந்தது. 1943-இல் வெளிவந்த, பேச்சுரிமையைக் காட்டும் அந்தப் படத்தில், கட்டம் போட்ட சட்டையும் பழைய மேலங்கியும் அணிந்த உழைப்பாளி ஒருவர் எழுந்து நிற்கிறார். முன்னால் இருக்கும் இருக்கையின் விளிம்பைப் பிடித்திருக்கும் அவருடைய கைகள் காய்த்துக் கருத்தவை. ஊர் அறிக்கை மடித்தபடி அவர் மேலங்கிப் பையிலிருந்து எட்டிப் பார்க்கிறது. சுற்றிலும் கோட்டும் டையும் அணிந்தவர்கள் கழுத்தைத் திருப்பி அவரை அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்தப் பார்வையில் ஒப்புதல் இருக்கிறதோ இல்லையோ, கவனம் இருக்கிறது. அமெரிக்கர்கள் தங்களைப் பற்றி எதைப் பெருமையாக நினைக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், நான் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

ஆனால் நல்லவர் பேசுவதைக் கேட்பது எளிது. 1977-இல் அவர்களுக்குக் கடுமையான சோதனை வந்தது. சிகாகோவுக்குப் பக்கத்தில் ஸ்கோக்கி என்ற ஊர். ஹிட்லரின் வதைமுகாம்களில் உயிர் தப்பிய யூதர்கள் ஏராளமாகக் குடியேறிய இடம். அங்கே ஸ்வஸ்திகா சின்னத்தோடு ஊர்வலம் போகப்போகிறோம் என்று ஒரு நாஜிக் குழு கிளம்பியது. ஊர் நிர்வாகம் தடுத்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோது, நாஜிகளின் பேச்சுரிமைக்காக வாதாடியது அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம். அதன் வழக்கறிஞர் டேவிட் கோல்ட்பெர்கர் ஒரு யூதர். சங்கத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆர்யே நையர், குழந்தைப் பருவத்தில் நாஜி ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு தப்பி வந்தவர். ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் கோபத்தோடு சங்கத்தை விட்டு விலகினார்கள். சங்கம் பின்வாங்கவில்லை, வழக்கில் வென்றது. கடைசியில் அந்தக் குழு ஸ்கோக்கிக்குப் போகவில்லை, சிகாகோவில் கூட்டம் நடத்திக் கலைந்தது. இதே சின்னத்தை ஜெர்மனியில் பொது இடத்தில் பிடித்து நின்றால் குற்றம். அதுவும் மக்களாட்சி நாடுதான். பட்ட பாடு அவர்களுக்கு அந்தச் சட்டத்தைக் கற்றுக்கொடுத்தது.

இந்த இடத்தில் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1950-இல் பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் மதராஸ் மாநிலத்துக்குள் வரக் கூடாது என்று இங்கிருந்த அரசு தடை போட்டது. உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. தீர்ப்பை எழுதியவர் மதராஸில் வக்கீல் தொழில் செய்து உயர்ந்த நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. பத்திரிகைச் சுதந்திரத்தில் சில தீமைகள் வளர்ந்தாலும் அதை வெட்டிவிடக் கூடாது என்பதற்கு அவர் துணைக்கு அழைத்தது, அமெரிக்காவின் முதல் திருத்தத்தை வகுத்த ஜேம்ஸ் மேடிசனை. மறு ஆண்டே நம் நாடாளுமன்றம் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தி, பொது ஒழுங்கின் பேரால் பேச்சுக்குக் கட்டுப்பாடு விதிக்க அரசுக்கு வழிசெய்தது. அதுதான் நம்முடைய முதல் திருத்தம். அவர்களுடைய முதல் திருத்தம் அரசின் கையைக் கட்டியது, நம்முடையது அவிழ்த்துவிட்டது. பிரிவினைக் கலவரத்தின் ரத்தம் காயாத காலம் அது, நேருவின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. இருந்தாலும், பேச்சைப் பொறுத்தவரை என் மனம் பதஞ்சலி சாஸ்திரி பக்கம்தான் நிற்கிறது. இந்த ஒன்றில் அமெரிக்கர்களிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

அரசின்மேல் உள்ள இதே ஐயம் அவர்களிடம் வாங்கும் விலையும் பெரிது. துப்பாக்கியைப் பாருங்கள். அங்கே மக்கள்தொகையை விடத் தனியார் கையில் உள்ள துப்பாக்கிகள் அதிகம். 1996-இல் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். உடனே அந்த நாடு சட்டம் போட்டு, 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும், ஆசிரியர்களும் ஊழியர்களுமாக 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கி வாங்குகிறவரின் பின்னணியைக் கூடுதலாகச் சோதிக்கலாம் என்ற எளிய மசோதா நான்கு மாதம் கழித்து செனட்டுக்கு வந்தது. 100 பேர் சபையில் 54 பேர் ஆதரித்தார்கள். 60 பேர் வேண்டும் என்ற விதியால் அது விழுந்தது. அரசாங்கம் ஒருநாள் கொடுங்கோலாக மாறினால் எதிர்த்து நிற்கத் துப்பாக்கி வேண்டும் என்று அங்கே உண்மையாகவே நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆறு வயதுப் பிள்ளைகளை விலையாகக் கொடுப்பதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

மருத்துவமும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. ஆள்களைப் பிடித்து வைத்துக்கொள்ள முதலாளிகள் சம்பளத்துக்குப் பதிலாக மருத்துவக் காப்பீடு கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தப் போர்க்கால ஏற்பாடே நிலைத்துவிட்டது. 1945-இல் அதிபர் ட்ரூமன் எல்லாருக்கும் தேசியக் காப்பீடு வேண்டும் என்றபோது, மருத்துவர் சங்கம் அதைச் சோஷலிச மருத்துவம் என்று சொல்லி வீழ்த்தியது. இன்றைக்கும் கோடிக்கணக்கானவர்களுக்கு வேலை போனால் காப்பீடும் போகும். சட்ட வரம்புக்குள் வரும் நிறுவனங்களில் வேலைசெய்யும், பிள்ளை பெற்ற தாய்க்கு நம் நாட்டுச் சட்டம் 26 வாரம் வரை சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. உலகின் பெரும் பணக்கார நாட்டின் மத்தியச் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல், அதுவும் எல்லாருக்கும் இல்லை.

எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது இனி சொல்லப்போவது. உள்ளூர் அதிகாரம் உள்ளூர் மக்கள் கையில் என்ற அந்த அழகான கொள்கைதான், தென்மாநிலங்களில் கறுப்பின மக்களை நூறாண்டு காலம் நசுக்கவும் பயன்பட்டது. அலபாமா மாநிலத்தின் செல்மா நகரை எடுத்துக்கொள்வோம். அது இருக்கும் டாலஸ் கவுண்டியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவர் சுமார் 15,000 பேர். வாக்காளர் பட்டியலில் ஏறியிருந்தவர்கள் சில நூறு பேர். பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு நாள்தான் திறந்திருக்கும். போய் வரிசையில் நின்றால் ஷெரிப் ஜிம் கிளார்க் தடியோடு நிற்பார். “ஒருபோதும் நடக்காது” என்று பொருள்படும் ஒற்றைச் சொல் பொறித்த வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டிருப்பார். அவரும் தேர்தலில் வென்று பதவியில் இருந்தவர்தான். ஏறக்குறைய வெள்ளையர் மட்டுமே ஓட்டுப்போட்ட தேர்தல்.

1965 மார்ச் 7 அன்று வாக்குரிமை கேட்டு எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்த மக்களை மாநிலக் காவலர்களும் கிளார்க்கின் ஆள்களும் அடித்து நொறுக்கினார்கள். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஐந்து மாதத்தில் அதிபர் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மத்திய அரசின் அதிகாரிகள் செல்மாவுக்கே வந்து உட்கார்ந்து ஆயிரக்கணக்கானவர்களைப் பட்டியலில் சேர்த்தார்கள். மறு ஆண்டு ஷெரிப் பதவிக்குக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல். கறுப்பின மக்கள் ஓட்டுப்போட்ட சில பெட்டிகளை எண்ணக் கூடாது என்று உள்ளூர்க் கட்சிக் குழு ஒதுக்கி வைத்தது. நீதிமன்றம் எண்ணச் சொன்னது. கிளார்க் தோற்றார். தடியால் அடித்தவரை ஓட்டால் இறக்கினார்கள்.

இனக்கொடுமை வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்பது அந்த வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பு. 2013-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், எந்த மாநிலங்களுக்கு அது பொருந்தும் என்று சொல்லும் பிரிவை நீக்கி, அந்தக் கட்டாயத்தைச் செயலற்றதாக்கியது. காலம் மாறிவிட்டது, மத்திய அரசு இனி மாநிலங்களின் தலைக்குமேல் நிற்கத் தேவையில்லை என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் வாதம். தீர்ப்பு வந்த அன்றே, அதுவரை தடுத்து வைக்கப்பட்டிருந்த வாக்காளர் அடையாளச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவருவதாக டெக்சஸ் மாநிலம் அறிவித்தது. அந்தத் தீர்ப்பு தவறு என்பதே என் துணிபு. செல்மா மக்களுக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்தது, அமெரிக்கர்கள் இத்தனை தலைமுறையாக ஐயத்தோடு பார்த்துவரும் அந்த மத்திய அரசாங்கம்தான்.