நிற்பதும் குற்றமோ?



கயத்தாற்றுக் கூட்டத்திலே பேசியதை எழுத்திலும் தருமாறு கேட்டீர்கள், தருகிறேன்.

கரிசற்காட்டில் அறுவடை முடிந்தால் வேலையும் முடிந்தது. மண் வெடித்துக் கிடக்கும். அடுத்த விதைப்புக்கு ஐப்பசி மழை வரவேண்டும். அதுவரை உழைப்பாளி என்ன செய்வான்? சாலையோரம் நிற்பான். கூலிக்கு ஆள் தேடி எவரேனும் வருவாரா என்று பார்ப்பான். வராவிட்டால் ஊர் ஊராக நடப்பான்.

அவனைப் பார்த்துச் சட்டம் கேட்டது: "உனக்குப் பிழைக்க வழி என்ன?" வழியில்லாமல்தானே ஐயா நிற்கிறான்! அந்தப் பதிலையே குற்றச்சாட்டாக்கிற்று 1898ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டம். வெளிப்படையான பிழைப்பு இல்லாதவனையும், தன்னைப்பற்றித் திருப்தியாக விளக்கம் தர இயலாதவனையும் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, நன்னடத்தைக்கு ஜாமீன் கேட்கலாம் என்றது 109ஆம் பிரிவு. ஜாமீனுக்கு ஆள் இல்லாதவன் சிறை புகுந்தான். 'சந்தேகக் கேஸ்' என்கிறோமே, அதன் வேர் இங்கே இருக்கிறது.

பண்ணையார் பகல் முழுதும் திண்ணையிலே சாய்ந்திருப்பார். இந்தக் கேள்வி அவர் படியேறியதில்லை. அவர் செய்வது ஓய்வு. ஏழை செய்தால் சுற்றித் திரிதல்!

தனி ஆளைக் கேட்டது போதாதென்று, சாதி சாதியாகவும் கேட்டார்கள். கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16இல் இதே கயத்தாற்றில் தூக்கிலிட்ட ஆட்சியின் வாரிசுகள் 1871இல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. கைரேகை பதி, இரவிலே போலீஸ் காவலில் படு, வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கு! பிறந்ததே சந்தேகம். ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3இல் துப்பாக்கி பேசியது. ஒரு பெண் உட்படப் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் ஒழிந்தது.

109ஆம் பிரிவோ மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. 1974 ஏப்ரலில் நடப்புக்கு வந்த புதிய சட்டத்திலேதான் 'பிழைப்பில்லாமை' உதிர்ந்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 128ஆம் பிரிவிலும் அது கிடையாது. (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நா வறள்கிறது, அது வேறு பேச்சு.) இன்று ஒருவன் தன்னை மறைத்துக்கொள்ள முயலவேண்டும், குற்றம் புரியவே மறைகிறான் என நம்பக் காரணமும் வேண்டும். டீக்கடை வாசலில் நிற்பவன் எதை மறைத்தான்?

சட்டம் மாறியது நம் தோழர்களுக்கே தெரியவில்லை என்பதுதான் என் கவலை. ஏடு மாறினாலும் கேள்வி மாறவில்லை. பஸ் நிலையத்தில் படுத்துறங்கும் கூலியாளை அது இன்றும் தட்டி எழுப்புகிறது. அப்படி ஒருவரை அழைத்துப்போனதாகச் செய்தி வந்தால், கிளைத் தோழர் இருவர் உடனே போங்கள். நன்னடத்தைப் பத்திரம் கேட்குமுன், கிடைத்த தகவலின் சாரத்தை மாஜிஸ்திரேட் எழுத்தில் தரவேண்டும். அந்த எழுத்தைக் கேளுங்கள். வழக்கறிஞர் வரும்வரை நிலைய வாசலிலேயே நில்லுங்கள்.