தீப்பெட்டி சொல்லும் கணக்கு

(கோவில்பட்டிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பொருளாதாரப் பாடத்தைப் பாதியிலே விட்டுக் கல்லூரியிலிருந்து வெளியேறியவன் நான். ஆகவே என் கையிலே ஏடு இல்லை. இதோ, உங்கள் ஊர்த் தீப்பெட்டிதான் இருக்கிறது. மழை பொய்த்து, மானாவாரிப் பருத்தி கருகிய ஆண்டுகளிலே இந்தக் கரிசலில் அடுப்பெரிய வைத்த பெட்டி!

"திராவிட நாடு கேட்டீர்களே, என்னவாயிற்று?" என்று மாற்றார் கேலி பேசுகிறார்கள். மறைப்பானேன்? 1940இல் திருவாரூர் மாநாட்டிலே தீர்மானமாக எழுந்த கோரிக்கை அது. 1962 மே முதல் நாள் மாநிலங்களவையிலே அண்ணா அதற்காக வாதாடினார். அதே ஆண்டு அக்டோபரில் சீனப்படை எல்லை தாண்டிற்று, கோரிக்கை ஒத்திவைக்கப்பட்டது. 1963இல் அரசியல் சட்டத்தின் பதினாறாவது திருத்தம் வந்தது. நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு உறுதிமொழி தராமல் எவரும் தேர்தலில் நிற்கவியலாது என்றாயிற்று. அண்ணா கோரிக்கையைக் கைவிட்டார். அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றும் அறிவித்தார்.

எவை அந்தக் காரணங்கள்? 'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' என்றோம். அந்த முழக்கத்தை இன்று உரைத்துப் பார்க்க நமக்குத் துணிவு வேண்டும். வடக்கு முழுவதும் வாழ்ந்ததா? 1956 முதல் எஃகுக்குச் சரக்குக் கட்டணத்தைச் சமப்படுத்தினார்கள். பீகாரின் உலையில் வார்த்த எஃகு, பீகாரிலே என்ன விலையோ, அதே விலைக்குச் சென்னையிலும் கிடைத்தது. அதிலே ஆதாயம் நமக்கு, இழப்பு பீகாருக்கு! தெலுங்கரும் கன்னடியரும் மலையாளிகளும் திராவிட நாட்டை நம்மைப்போல் விரும்பிக் கேட்கவில்லை என்பதும் உண்மை. 1956 நவம்பரில் அவரவர் மொழிக்கு அவரவர் மாநிலம் கிடைத்தது.

அப்படியானால் எது எஞ்சுகிறது? தீப்பெட்டியைக் கேளுங்கள்! 1934இல் இதன்மீது ஆயத்தீர்வை போட்டது வெள்ளையர் ஆட்சி. சரக்கு சேவை வரி வந்த 2017இல் கையால் செய்த பெட்டிக்கு 5 விழுக்காடு, இயந்திரப் பெட்டிக்கு 18. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 என்றார்கள். இயந்திரத்துக்கு இறங்கிற்று; குச்சி அடுக்கும் கைகளுக்கு ஏறிற்று! ஏற்றட்டும், இறக்கட்டும், எழுதுகோல் யார் கையிலே? வரி மன்றத்திலே மூன்றில் ஒரு பங்கு வாக்கு மத்திய அரசுக்கு; எஞ்சியது எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. முடிவெடுக்க வேண்டியதோ நான்கில் மூன்று பங்கு. அத்தனை மாநிலங்களும் ஒன்று திரண்டாலும் டில்லி தலையசைக்காமல் ஒரு தீர்மானமும் நிறைவேறாது!

பகிர்வைப் பாருங்கள். 2011 கணக்கின்படி இந்திய மக்களில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் நாம். 2021 முதல் 2026 வரைக்குப் பதினைந்தாவது நிதிக்குழு மாநிலங்களுக்கான தொகையில் நமக்கு ஒதுக்கிய பங்கு 4.079 விழுக்காடு. ஏழை மாநிலத்துக்கு அதிகம் போகட்டும். பசித்தவன் இலையை எட்டிப் பார்ப்பது தமிழன் பண்பல்ல. ஆனால் செஸ் என்றும் மேல்வரி என்றும் டில்லி திரட்டுகிறதே, அது பகிர்வுக்கே வருவதில்லை. அதிலே தமிழனுக்கும் பங்கில்லை, பீகாரிக்கும் பங்கில்லை!

ஆகவேதான் 1969இல் இராசமன்னார் குழு அமைந்தது; 1971இல் அறிக்கை தந்தது. 1974 ஏப்ரலில் நமது சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. பிரிந்து போகும் வழக்கு முடிந்தது. பங்கு கேட்கும் வழக்கு முடியவில்லை. அந்த வழக்கிலே பீகாரியும் நமக்குச் சாட்சி.

தோழர்களே! பக்கத்திலே கயத்தாறு. 1799இல் கட்டபொம்மனைக் கும்பினியார் தூக்கிலிட்ட ஊர். வரி கேட்க நீ யார் என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அன்று அதை வாளேந்திக் கேட்டார்கள். இன்று நாம் கணக்கேந்திக் கேட்போம்.

இந்தக் குச்சியால் அண்டை வீட்டுக் கூரையைக் கொளுத்த வேண்டாம். நம் வீட்டு விளக்கை ஏற்றும் உரிமை நமக்கு வேண்டும். அதைக் கேட்க அஞ்சோம், கேட்டுப் பெறாமல் ஓயோம் என்று கூறி அமைகிறேன்.