காலையில் காரைக் கிளப்பும்போது கொஞ்சம் நிதானம்

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். காரைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று நினைப்பீர்கள். தப்பு செய்து, பணம் கட்டிக் கற்றுக்கொண்டவன் என்பதுதான் என் தகுதி.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் மேலாளரிடம் அம்பாசிடர் கார் இருந்தது. அவருடைய டிரைவர் தினமும் காலையில் சோக்கை இழுத்துவிட்டுக் கிளப்பி, ஐந்து பத்து நிமிடம் உறும விடுவார். கார்புரேட்டர் வண்டிக்கு அது ஓரளவு தேவைப்பட்டது. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, வண்டி நின்று நின்று போகும். அதைப் பார்த்துப் பழகிய நான், பிற்பாடு சொந்தமாகக் கார் வாங்கியபோதும் அதையே செய்தேன். நம் பேஸ்மென்டில் தினமும் பத்து நிமிடம் ஓட விடுவேன், நடுநடுவே ஆக்ஸிலரேட்டரையும் மிதிப்பேன். பிறகு நேரமாகிவிட்டதென்று ரோட்டில் ஏறியதும் விரட்டுவேன்.

சில வருடத்தில் காலையில் நீலப் புகை வர ஆரம்பித்தது. ஆயில் குறைந்துகொண்டே போனது. இன்ஜினைப் பிரித்த மெக்கானிக், பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்றார். இது மட்டும்தான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் "காலையில் எப்படி சார் ஓட்டுவீங்க?" என்று அவர் கேட்ட முதல் கேள்விக்கு என்னால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை.

அவர் விளக்கியதை வங்கி பாஷையில் சொல்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பணம் கொடுத்துவிட முடியாது. இரண்டு பேர் இரண்டு சாவி போட்டு ஸ்ட்ராங் ரூமைத் திறக்க வேண்டும். கேஷ் கவுண்டருக்கு வர வேண்டும், எண்ண வேண்டும். அதற்குள் ஒருவர் பெரிய தொகைக்குச் செக்கை நீட்டினால் சண்டைதான். இன்ஜினுக்கு ஆயில்தான் கேஷ். ராத்திரி முழுக்க அது அடியில் வடிந்து கிடக்கிறது. கிளப்பியதும் சில நொடிகளில் மேலே ஏறிவிடும். ஆனால் சூடாகும் வரை கெட்டியாக இருக்கும், வேண்டிய வேகத்தில் ஓடாது. அந்த நேரத்தில் விரட்டினால் தேய்மானம்.

"நம் ஊர் வெயிலில் இன்ஜினுக்கு ஏது குளிர்?" என்று கேட்கலாம். நமக்கு 30 டிகிரி புழுக்கம். ஆனால் இன்ஜின் வேலை செய்ய வேண்டிய சூடு ஏறக்குறைய 90 டிகிரி. அதன் கணக்கில் நம் சித்திரை மாதக் காலையும் குளிர்தான்.

அப்படியானால் நிறுத்தி வைத்துச் சூடாக்கலாமே? வேண்டாம். சும்மா ஓடும் இன்ஜின் மெதுவாகத்தான் சூடாகும். குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலும் கூடுதலாகப் போகும், அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். இப்போதைய வண்டிகளில் எரிபொருளைக் கம்ப்யூட்டரே அளந்து கொடுக்கிறது, சோக்குக்கு வேலையில்லை. மென்மையாக ஓட்டிக்கொண்டே சூடாக்குவதுதான் சரி.

நான் இப்போது செய்வது இதுதான். நியூட்ரல் பார்த்து, கிளட்சை மிதித்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளப்புவேன். சீட் பெல்ட் போட்டு, கண்ணாடி சரிபார்க்க அரை நிமிடம். அது போதும், கிளம்பிவிடுவேன். நம் சாய்தளத்தில் முதல் கியரில் ஒரே சீராக ஏற வேண்டும். மேலே வண்டி நின்றால் கீழேயே காத்திருப்பேன், நடுவில் நின்று அரைக் கிளட்சில் தொங்குவதில்லை. முதல் பத்து நிமிடம் முள் 2,000, 2,500-ஐத் தாண்டாமல் கியர் மாற்றுவேன். அதற்காக 20 கிலோமீட்டர் வேகத்தில் நாலாவது கியர் போட்டுத் திணற விடுவதும் தப்பு, அதுவும் இன்ஜினுக்குச் சுமைதான். காலையில் இரண்டாவது கியர் இறுக்கமாக இருந்தால் திணிக்காதீர்கள், கியர் பாக்ஸ் ஆயிலும் குளிர்ந்துதான் இருக்கிறது. பல வண்டிகளில் ஒரு நீல விளக்கு எரியும். அது அணைந்தால் தண்ணீர் சூடாகிவிட்டது என்று அர்த்தம். ஆயில் சூடாக இன்னும் சில கிலோமீட்டர் ஆகும்.

என்னைப் போன்ற பெரியவர்களுக்கு ஒன்று. பேட்டரிக்காக வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் கிளப்பி அணைக்கிறோம். ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம்கூட அதில் முழுசாகத் திரும்பாமல் போகலாம். ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கிவிடும். அதற்குப் பதில் அரை மணி நேரம் வெளியே ஓட்டிவிட்டு வாருங்கள்.

ஆனால் யாருக்காவது நெஞ்சுவலி, பிரசவ வலி என்றால் இந்தப் பாடமெல்லாம் வேண்டாம். கிளப்புங்கள், போங்கள். இன்ஜினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, நான் இந்தப் பழக்கத்தை விட்டதன் உண்மையான காரணம். ரிங் மாற்றிய பிறகும் கொஞ்ச நாள் பேஸ்மென்டில் ஓட விட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் நம் வாட்ச்மேன் தயங்கித் தயங்கி வந்து, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க போனப்புறம் ரொம்ப நேரம் தலை வலிக்குது" என்றார். அவர் நாற்காலி என் காருக்குப் பின்னால்தான் இருந்தது. புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டர் சூடேறும் வரை சரியாக வேலை செய்யாது. அதனால் கிளப்பிய முதல் சில நிமிடப் புகைதான் மோசமானது. அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய இடத்தில் அது உயிருக்கே ஆபத்து. என் இன்ஜினுக்குப் பணம் கட்டி ரிங் மாற்றினேன். அவர் நுரையீரலுக்கு எதை மாற்றுவது?

அதனால் என் வேண்டுகோள் ஒன்றுதான். பேஸ்மென்டில் கிளப்பினால் உடனே கிளம்புங்கள். ரோட்டில் ஏறிய பிறகு பத்து நிமிடம் பொறுமையாகப் போங்கள்.