ஜெய்சல்மேர்: பகலில் கோட்டைக்குள், இரவில் கோட்டைக்கு வெளியே

(சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் உறுப்பினர்கள் யாத்திரை என்றால் காசி, பத்ரி, துவாரகை என்று கிளம்பிவிடுவார்கள். ராஜஸ்தான் என்றால் ஜெய்ப்பூர், உதய்ப்பூர், புஷ்கர் ஆகியவற்றோடு திரும்பிவிடுவது வழக்கம். இன்னும் மேற்கே, தார் பாலைவனத்தின் நடுவே இருக்கும் ஜெய்சல்மேர் வரை போகிறவர்கள் குறைவு. அங்கே என்ன பார்ப்பது, என்ன சாப்பிடுவது, எங்கே தங்குவது என்பதைச் சொல்லவே இந்த உரை. இதில் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. நாம் எங்கே படுத்து உறங்குகிறோம் என்பதற்கும் அந்த ஊர்க் கோட்டை நிற்குமா விழுமா என்பதற்கும் தொடர்பு இருக்கிறது.

முதலில் ஊரைப் பற்றி. 1156-ஆம் ஆண்டு ராவல் ஜெய்சல் என்ற பாட்டி ராஜபுத்திர மன்னர் திரிகூட மலை என்ற குன்றின் மேல் இந்தக் கோட்டையைக் கட்டினார். பாட்டி வம்சத்தினர் தங்களை யாதவ குலம், அதாவது கிருஷ்ண பரமாத்மாவின் வழி என்று சொல்லிக்கொள்பவர்கள். கிருஷ்ணர் சுதர்சன சக்கரத்தால் இந்தக் குன்றில் ஊற்று வரவழைத்தார் என்பது ஐதிகம். பாலைவனத்து மக்கள் தெய்வத்திடம் முதலில் கேட்டது தண்ணீர்தான் என்பது இதிலிருந்தே விளங்கும்.

கோட்டை மஞ்சள் நிறக் கல்லால் ஆனது. அஸ்தமன நேரத்தில் தங்கம் போல் ஜொலிக்கும். சத்யஜித் ராய் 1974-இல் எடுத்த 'சோனார் கெல்லா' படத்துக்குப் பிறகு வங்காளிகள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். 99 கொத்தளங்கள், ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வாசல்கள். உள்ளே அரண்மனை, லக்ஷ்மீநாதர் கோயில், ஜைனக் கோயில்கள், பழைய ஓலைச்சுவடிகளைக் காக்கும் ஜைன ஞான பண்டாரம் எல்லாம் உண்டு. ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு சேர்த்து 2013-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மற்றக் கோட்டைகளிலிருந்து இது ஒரு விஷயத்தில் மாறுபட்டது. இன்றும் இதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் குடும்பம் நடத்துகிறார்கள். வாசலில் கோலம் போலச் சுவரில் விநாயகர் படம் எழுதி, கல்யாணத் தேதியையும் எழுதிவைக்கிறார்கள். மாடு படுத்திருக்கும், குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும். அருங்காட்சியகத்தைப் பார்ப்பது போலன்றி ஓர் அக்ரஹாரத்துக்குள் நடப்பது போல இருக்கும்.

கீழே ஊருக்குள் ஹவேலிகள், அதாவது வணிகர்களின் மாளிகைகள். ஒட்டகச் சாரி வியாபாரம் இந்த வழியாகச் சிந்துவுக்கும் அதற்கு அப்பாலும் நடந்த காலத்துச் செல்வம் அவற்றில் தெரியும். ஐந்து மாளிகைகள் சேர்ந்த பட்வா ஹவேலி, மயில் கழுத்துப் போன்ற தாங்கிகளைக் கொண்ட சலீம் சிங் ஹவேலி, சகோதரர்கள் இருவர் ஆளுக்கொரு பாதியாகச் செதுக்கிய நத்மல் ஹவேலி ஆகிய மூன்றையும் அவசியம் பாருங்கள். கல்லில் துளையிட்ட ஜாலி ஜன்னல்களை அழகுக்காக மட்டும் வைத்ததாக நினைக்க வேண்டாம். வெயில் நேராக உள்ளே விழாது, வெளிச்சம் மட்டும் வரும். சிறு துளைகள் வழியே காற்று வந்துகொண்டே இருக்கும். குறுகலான தெருவும் முன்னே நீண்ட மாடமும் சுவரில் நிழலைப் போட்டு வைக்கும். மின்விசிறி இல்லாத காலத்துப் பௌதிக சாஸ்திரம் இது. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்ததும் ஒட்டக வியாபாரம் நலிந்தது. 1947-இல் எல்லை மூடியதும் அடியோடு நின்றது.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. ஜெய்சல்மேரில் 200 மில்லிமீட்டர் பெய்தால் நல்ல வருஷம். ஆகவே கடீசர் என்ற ஏரியை 14-ஆம் நூற்றாண்டில் வெட்டினார்கள். பெண்கள் அங்கிருந்து குடத்தில் சுமந்து கோட்டைக்கு ஏறுவார்கள். குடத்தில் வந்த தண்ணீரை யாரும் கொட்டி வீணாக்க மாட்டார்கள் அல்லவா? குளித்த தண்ணீரே மறுபடி வேறு வேலைக்குப் பயன்படும். கோட்டையின் வடிகால்கள் எப்போதோ பெய்யும் மழைநீரை வெளியேற்ற மட்டுமே அமைக்கப்பட்டவை.

குழாய்த் தண்ணீர் வந்ததும் கணக்கு மாறியது. அதன்பின் சுற்றுலா வந்தது. வீடுகள் விடுதிகளாயின. அறைக்கு ஒரு குளியலறை, ஷவர், ஃப்ளஷ். இத்தனை தண்ணீர் உள்ளே போகும்போது அதே அளவு வெளியே வரவேண்டும். பழைய வடிகால்களால் அது முடியாது. மிச்சம் எல்லாம் தரைக்குள் இறங்கியது.

அந்தக் குன்று ஒரே கருங்கல் பாறையாக இருந்தால் பரவாயில்லை. அது படிவப் பாறை. மேலே கல், இடையிடையே களிமண்ணும் ஷேல் என்னும் களிமண் பாறையும். ஈரம் பட்டால் களிமண் உப்பும், வழுக்கும், காய்ந்தால் சுருங்கும். மேலே இருக்கும் மதிலின் பாரமோ குறையாது. எண்ணூறு வருஷம் காய்ந்தே இருந்த அடித்தளம் சில பத்தாண்டுகளில் ஊறத் தொடங்கிற்று. 1998-இல் மதிலின் ஒரு பகுதி சரிந்து ஆறு பேர் உயிரிழந்தார்கள். ஆபத்திலிருக்கும் சின்னங்களின் உலகப் பட்டியலில் 1996-லேயே இந்தக் கோட்டை இடம் பெற்றிருந்தது. அதன்பின் தொல்லியல் துறையும் பிற அமைப்புகளும் செப்பனிடும் வேலைகள் செய்தன. ஆனாலும் 2024 ஆகஸ்ட் கனமழையில் மறுபடி மதிலின் ஒரு பகுதி விழுந்தது.

ஆகவே என் யோசனை இதுதான். கோட்டைக்குள் இரவு தங்க வேண்டாம். கீழே ஊரில், கோட்டை தெரியும்படியான விடுதிகள் நிறைய இருக்கின்றன. மாடியில் உட்கார்ந்தால் விளக்கொளியில் கோட்டை முழுவதும் தெரியும். உள்ளே படுத்திருப்பவருக்கு அந்தக் காட்சி கிடைக்காது! முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு செங்குத்தான கல்பாதையில் ஏறும் சிரமம் மிச்சம்.

இதற்கு ஒரு நியாயமான ஆட்சேபணை உண்டு. கோட்டைக்குள் வாழ்பவர்களின் பிழைப்பைக் கெடுக்கலாமா என்று கேட்பார்கள். கெடுக்கக் கூடாது. அவர்கள் வெளியேறிவிட்டால் அது வெறும் கல் குவியலாகிவிடும். ஆனால் அவர்களுக்குப் பணம் போய்ச் சேர ஷவர் ஒன்றுதான் வழியா? பகலில் உள்ளே சாப்பிடுங்கள், காபி குடியுங்கள், போர்வையும் துணியும் அங்கேயே வாங்குங்கள், உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். குளியலை மட்டும் கீழே வைத்துக்கொள்ளுங்கள். வாளியும் சொம்பும் நமக்குப் புதிதல்லவே. கீழேயும் அப்படியே குளித்தால் இன்னும் உத்தமம்.

சாப்பாட்டைப் பற்றி நம்மவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஜைனர்கள் நிறைந்த ஊர் ஆகையால் வெங்காயம், பூண்டு இல்லாமல் கேட்டால் புரிந்துகொள்வார்கள். தால் பாட்டி, கட்டா, கம்பு ரொட்டி, தயிர், மோர் எல்லாம் கிடைக்கும். கேர் சாங்கரி என்ற கறியை விடாதீர்கள். இதில் சாங்கரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். அந்த மரம் வேறெதுவும் இல்லை, நம்முடைய வன்னி மரம்தான். பாண்டவர்கள் அஞ்ஞாத வாசத்தில் ஆயுதங்களை ஒளித்துவைத்த சமீ விருக்ஷம். விருத்தாசலத்தில் ஸ்தல விருக்ஷம். நாம் அதன் குச்சியை ஹோமத்தில் இடுகிறோம், அவர்கள் அதன் காயைச் சமைக்கிறார்கள், இலையை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் போடுகிறார்கள். ஜோத்பூர் அருகே 1730-இல் அந்த மரங்களை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்து 363 பிஷ்னோய்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

ஊருக்கு வெளியே சுமார் 18 கிலோமீட்டரில் குல்தரா என்ற கிராமம். பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்த ஊர். பாலி என்ற இடத்திலிருந்து வந்தவர்கள் ஆகையால் அந்தப் பெயர். இன்று கூரையில்லாத வீடுகளின் வரிசை மட்டுமே நிற்கிறது. திவான் சலீம் சிங்கின் கொடுமை தாங்காமல் ஒரே இரவில் 84 கிராமங்களைக் காலி செய்துவிட்டுச் சாபம் கொடுத்துப் போனார்கள் என்று கதை. இப்போது பேய் ஊர் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் வரிச்சுமை, தண்ணீர் வற்றியது, நிலநடுக்கம் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள்.

பேயைத் தேடுவதை விட்டுவிட்டு அவர்கள் செய்த விவசாயத்தைப் பாருங்கள். கடீன் என்று பெயர். பாறைச் சரிவில் ஓடிவரும் மழைநீரைத் தாழ்வான நிலத்தில் நீண்ட மண்கரை போட்டு நிறுத்துவார்கள். மழைக்காலம் முடிந்து தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விளைவிப்பார்கள். கிணற்றுப் பாசனம் இல்லை, வாய்க்கால் இல்லை. இந்தக் கடீன்கள் சில இன்றும் அந்த மாவட்டத்தில் பயன்பாட்டில் உள்ளன. எங்கே தண்ணீர் நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்று தெரிந்தவர்கள் அவர்கள். வயலில் தேக்கினார்கள், அஸ்திவாரத்தில் தேக்கவில்லை.

விஞ்ஞானத்தில் ஆர்வமுள்ள பேரக் குழந்தைகளை அழைத்துச் சென்றால், பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டரில் உள்ள அகல் கல்மரப் பூங்காவைக் காட்டுங்கள். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பாலைவனம் ஒரு காலத்தில் காடு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஜோத்பூர் போகும் வழியில் பொக்ரான். 1974-இலும் 1998-இலும் அணுசோதனை நடந்த பகுதி. 1998-இல் அணுசக்தித் துறைக்கு ஆர். சிதம்பரமும் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறைக்கு அப்துல் கலாமும் தலைமை வகித்தார்கள் என்பதில் நமக்குத் தனிப் பெருமை உண்டு.

சாம் மணல்மேடுகள் சுமார் 40 கிலோமீட்டர். அஸ்தமனம் பார்க்கலாம். ஒட்டகம் எழும்போதும் உட்காரும்போதும் முன்னும் பின்னும் குலுக்கும். இடுப்பு வலிக்காரர்கள் ஒட்டக வண்டியில் ஏறுங்கள். கூடார வாசம் வேண்டாம் என்பது என் கருத்து. குளிர்காலத்தில் மணல் இரவில் சட்டென்று ஆறிவிடும், பாட்டுக் கச்சேரியின் ஒலிபெருக்கியோ ஆறாது! அந்தப் பக்கத்துப் புல்வெளிகளில்தான் கானமயில் என்ற பெரிய பறவை வாழ்கிறது. நாட்டில் எஞ்சியிருப்பவை சுமார் 150 மட்டுமே.

சில குறிப்புகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். டெல்லியிலிருந்து ஜோத்பூர் வழியாக ரயில் உண்டு. ஜோத்பூரிலிருந்து சாலையில் ஐந்தாறு மணி நேரம். இரண்டு முழு நாட்கள் போதும். ஸ்வெட்டர், மப்ளர், வழக்கமான மாத்திரைகள், புகைப்பட அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ஜைனக் கோயில்களுக்குக் காலையில் போவது நல்லது. தோல் பொருள்கள் கூடாது. கோட்டைக்கு வெயில் ஏறுமுன் போங்கள்.

தீர்த்தத்தை வீணாக்கக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஜெய்சல்மேரில் அந்த ஆசாரத்துக்கு இன்னும் அழுத்தமான அர்த்தம் இருக்கிறது. அங்கே வீணாகும் தண்ணீர் மதிலின் அடியில்தான் போய்ச் சேருகிறது. எந்த ஊர் உறுப்பினரானாலும், முன்பதிவு செய்யும்போது விடுதி கோட்டைக்கு உள்ளேயா வெளியேயா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.